புராணத்துக்கு அட்டை போட்டவன் பட்ட பாடு

புத்தகம் பைண்டு பண்ணுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: எழுதினவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அச்சடித்தவரைச் சந்தேகப்பட மாட்டார்கள், கிழிந்து தொங்குவதைச் சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறவனைத்தான் கோழித் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். அதுவும் சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் கடை வைத்துக்கொண்டு, ராமாயணத்துக்கும் பாகவதத்துக்கும் கீதைக்கும் அட்டை போடுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். தையல் கடை வைத்து "மிச்சத் துணி எங்கே?" என்று கேட்கப்பட்டவர்கள், மாவு மில் வைத்து "எங்க அரிசிதானா இது?" என்று முறைக்கப்பட்டவர்கள், ரேடியோ ரிப்பேர் பண்ணி "உள்ளே இருந்த சாமானை மாத்திட்டியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள். நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும்? உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் அறுபதுகளின் கடைசியில் நடந்தது. ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவேன். கூட வேலைக்கு தனகோட்டி அண்ணன், என்னைவிடப் பத்து வயசு பெரியவர். தைப்பதும் வெட்டுவதும் அவர். பசை, அட்டை, துணி எல்லாம் நான். பழைய புத்தகத்தைப் பிரித்தால் எட்டு எட்டு ஏடாக மடிப்பு வரும். அந்த மடிப்புக்குப் பாரம் என்று பேர். தைக்கும்போது அவர் "ஒண்ணு" என்பார், நான் முதல் பாரத்தை நீட்டி "சரி" என்பேன். "ரெண்டு." "சரி." இப்படிக் கடைசி வரைக்கும். வாங்கும்போது ஆளுக்கு எதிரில் ஏடு எண்ணுவோம், கொடுக்கும்போதும் எண்ணுவோம். பதினோரு வருஷத்தில் எங்கள் கடையில் ஓர் ஏடு தொலைந்ததில்லை. போர்டு இல்லாத கடை, காற்று வராத கடை, அந்த ஒரு பேர்தான் எங்களுக்கு இருந்த சொத்து. அதுவும் ஒரு தடவை போகப் பார்த்தது. அதற்குத்தான் வருகிறேன்.

நூலுக்குக் காவல்

வரதாச்சாரி சுவாமி பாகவதம் கொண்டுவந்தார். ரிடையரான கணக்கு வாத்தியார். புத்தகத்தை என் கையில் கொடுக்க மாட்டார். பலகை மேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போவார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு உள்ளே சுர்ரென்று கோபம் ஏறும். புத்தகத்தின் ஒவ்வொரு ஏட்டையும் நான் தொட்டுத்தானே ஆக வேண்டும், இந்த ஓரடியில் என்ன மிச்சமாகப் போகிறது? ஆனால் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பேசாமல் எடுத்துக்கொள்வேன். அவரோ முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எதற்காம்? ஊசியில் நூல் கோக்கும்போது நாங்கள் நூல் முனையை நாக்கில் வைப்போமாம், ஏடு திருப்பும்போது விரலை நனைப்போமாம். பாகவதம் எச்சிலாகிவிடுமாம்.

மூன்று நாள் காவல். தனகோட்டி அண்ணன் நாற்பது வருஷமாக நாக்கில் வைத்து நூல் கோத்த மனுஷன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் நூலைத் தொட்டுத் தொட்டு, ஊசிக் காதைத் தேடித் தேடி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ஒருவழியாக வேலை முடிந்தது. புத்தகத்தைப் பலகை மேல் வைத்தேன். சுவாமி எடுத்தார். எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று சரிபார்க்க ஆரம்பித்தார். எப்படி? ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நனைத்து, ஒவ்வொரு ஏடாக, நிதானமாக. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிக்கு மேல்தான் அவர் எங்களைக் கவனித்தார். விரல் நாக்கிலேயே நின்றது. அப்புறம் சொன்னார்:

"என் புஸ்தகம், என் எச்சல். அதுல உங்களுக்கென்ன வந்தது?"

பசைக்குப் பரீட்சை

அவரேதான் அடுத்த மாசம் ராமாயணத்தோடு வந்தார். மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். "பசையில என்ன கலக்கறே? மாட்டுத் தோலைக் காய்ச்சி வஜ்ரம்னு ஒண்ணு விக்கறானாமே? அது ராமாயணத்துல ஏறப்படாது, சொல்லிட்டேன்."

"சுவாமி, மைதா மாவு, தண்ணி, பூச்சி வராம இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். வேற ஒண்ணும் இல்லை" என்றேன். நம்பவில்லை. கோயில் பக்கம் கை காட்டிச் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதோ பாருங்க" என்று பசைச் சட்டியில் விரலை விட்டு, ஒரு வாய் எடுத்து, அவர் எதிரிலேயே தின்று காட்டினேன். கசப்பென்றால் கசப்பு, வேப்பெண்ணெய் தோற்றது. அன்று முழுக்க நாக்கு மரத்துக் கிடந்தது. ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றேன். சுவாமி சட்டியைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், திரும்பச் சட்டியைப் பார்த்தார்.

"போச்சு, மொத்தச் சட்டியையும் எச்சப் பண்ணிட்டியே! வேற காய்ச்சு. நான் உக்காந்திருக்கேன்."

கீதைக்குள் அன்னம்

புத்தக அட்டைக்குக் கெட்டியான காகிதப் பலகை வேண்டும். மெட்ராஸிலிருந்து வருவது மழைக் காலத்தில் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். எங்கள் ஊரில் அதற்கு வழி உண்டு. பட்டுத் தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும் அல்லவா? எந்த ஓட்டையோ அதற்குத் தக்கபடி இழை தூக்கும், கரையில் மயிலோ மாங்காயோ விழும். தேய்ந்துபோன அட்டைகளைத் தறிக்காரர்கள் தூக்கிப் போடுவார்கள். நாலைந்தை ஒட்டினால் இரும்பு மாதிரி இருக்கும். மேலே துணி போட்டுவிட்டால் உள்ளே ஓட்டை இருப்பது யாருக்குத் தெரியும்?

கன்னையாவுக்குத் தெரிந்துவிட்டது. எட்டுத் தறி வைத்திருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். போட்டிக்காரர் வீட்டுக்கு ஏதோ விசேஷத்துக்குப் போன இடத்தில், பூஜை அலமாரியில் நாங்கள் பைண்டு பண்ணின கீதை இருந்திருக்கிறது. மூலை தேய்ந்து துணி பிரிந்து, உள்ளே ஓட்டை அட்டை எட்டிப் பார்த்திருக்கிறது. "படிச்சுட்டுத் தரேன்" என்று இரவல் வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு ஓடிவந்தார்.

"ஏமய்யா பைண்டரு! இது என் அன்னப்பட்சிக் கரை அட்டை! என் டிசைனை அவன் வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

"ஐயோ அண்ணா, உங்க ஆளுதான் குப்பையில போட்டாரு. அதுவும் இதுக்குள்ள இருக்கிறது நாலே அட்டை. ஒரு அன்னத்துக்கு நூறு அட்டை வேணாமா?"

சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்து வம்பை விலைக்கு வாங்கிவிட்டேன். "அப்ப மீதி தொண்ணூத்தாறு எங்கே?" என்று பிடித்துக்கொண்டார். அடுத்த பத்து நாள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு விடவில்லை. கீதை இருக்கிறதா, ராமாயணம் இருக்கிறதா, ஒரு நாள் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூலையைச் சுரண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கன்னையாவுக்கு பக்தி முற்றிவிட்டது என்று ஊரில் பேச்சு. சுரண்டின மூலையெல்லாம் எங்கள் கடைக்கே ரிப்பேருக்கு வந்தது. "அண்ணா, இத்தனை புத்தகம் வாங்கினீங்களே, ஒரு பக்கமாவது படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பகவான் இன்னா சொன்னாரோ அதை நீங்க எல்லாரும் படிச்சுக்கோங்கய்யா. என் அன்னம் யார் யார் வீட்டுல மேயுதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

அவசரமா?

கருட புராணம் வீட்டில் வைக்கக்கூடாது என்பார்கள். சாவு விழுந்த வீட்டில் படிக்கிறது, மற்ற நாளில் அதை நினைக்கவே கூடாது. ஒரு நாள் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற ஒருத்தர், பேர் வேண்டாம், மல்லிகைப் பூப் பொட்டலம் மாதிரி வாழை இலையில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். பிரித்தால் கருட புராணம். பைண்டிங் பண்ண வேண்டும், ஆனால் முதுகில் 'விஷ்ணு சகஸ்ரநாமம்' என்று பேர் போட வேண்டும் என்றார். ஏன் சார் என்றேன். வீட்டில் எண்பது வயசு அப்பா இருக்கிறார், அவர் கண்ணில் பட்டால் தப்பாக நினைப்பார் என்றார். சாமி பேரில் பொய் எழுதுவதா என்று தனகோட்டி அண்ணன் முனகினார். இரண்டும் விஷ்ணு சம்பந்தப்பட்டதுதானே என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டு, தங்க எழுத்தில் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கக்கத்தில் அதே புத்தகம். "நீ பண்ண பைண்டிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். "ஜோராத்தான் இருக்குது. காலையில சகஸ்ரநாமம் சொல்லலாம்னு பிரிச்சேன். கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையில போடுறான்." பெரியவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்பா. எம்புள்ள இதைக் கொடுக்கும்போது, அவசரமா வேணும்னு சொன்னானா? அதை மட்டும் சொல்லு."

எண்ணாமல் கொடுத்தவர்

இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில்தான் வேதாசலம் வந்தார். தென்னேரிக்காரர், என் வயசுதான் இருக்கும். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். மழை இல்லாவிட்டால் ஏரிக்கரைக் கோயிலில் விராட பருவம் வாசிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாரதத்தில் பாண்டவர்கள் ஒளிந்து வாழ்கிற கதை அது. அதை வாசித்தால் மழை வரும் என்று நம்பிக்கை. வாசிக்கிறவர் வேதாசலம். இரண்டு வருஷமாக வாசிக்கிறார், ஒரு சொட்டு விழவில்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஊர் இருக்கிறதே, அது ஏரியைப் பார்க்காமல் இவர் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வாசிக்கிறவனிடம் ஏதோ குறை என்றார்கள். இந்த மூன்றாவது வருஷமும் பொய்த்தால் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருவதாகப் பேச்சு. "ஆளு மாறட்டும், பரவாயில்லை. தோஷம் புடிச்ச வாயின்னு பேரு எடுத்துக்கினு அந்த ஊர்ல எப்படி இருக்கிறது?" என்றார்.

புத்தகம் மஞ்சள் துணியில் கட்டியிருந்தது. பாதி ஏடு முதுகை விட்டுக் கழன்று, ஓரமெல்லாம் பொடிந்து கிடந்தது. ஒருவேளை புத்தகம் கிழிந்து கிடக்கிறதே அதுதான் குறையோ, அதையாவது சரிபண்ணிப் பார்ப்போம் என்று கொண்டுவந்திருக்கிறார். நான் பழக்கதோஷத்தில் பலகையை இழுத்துப் போட்டேன். அவர் பலகையைக் கவனிக்கவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துப் புத்தகத்தை அதில் வைத்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "இருங்கண்ணே, ஏடு எண்ணிடலாம், நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றேன்.

"மழையை எண்ணியா வாங்கப் போறோம்? நீ தைச்சுக் குடுபா, போதும்."

சண்டை வராமல் இருக்க ஒரு வழி

பாரதம் இருக்கிற இடத்தில் சண்டை வரும் என்பது உங்களுக்கும் தெரியும். அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட கதை அல்லவா? வீட்டில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சும்மா சொல்லவில்லை, எங்களுக்கே அனுபவம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு தடவை பாரதம் பைண்டிங்குக்கு வந்தபோது, பசை பிரஷ்ஷை யார் கழுவாமல் வைத்தது என்று ஆரம்பித்து, என் அப்பன் பாட்டன் வரைக்கும் போய், தனகோட்டி அண்ணன் இரண்டு மாசம் கடைப் பக்கமே வரவில்லை. நான் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன்.

அதனால் இந்தத் தடவை அவரே ஒரு யோசனை சொன்னார். "பேசினாத்தானே சண்டை? இந்தப் புத்தகம் கடையை விட்டுப் போற வரைக்கும் நீயும் பேசாத, நானும் பேசல." நல்ல யோசனையாகத்தான் பட்டது. அஞ்சு நாள் மௌன விரதம். கத்தரி வேண்டுமென்றால் விரலைக் கத்தரி மாதிரி காட்டுவார். டீ வேண்டுமென்றால் கட்டைவிரலைத் தூக்குவார். மடிப்பு விட்டுப்போன ஒரு பாரத்துக்கு மெல்லிய காகிதம் ஒட்டி, காய்வதற்காகத் தனியாக ஓர் உடைந்த அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தேன். தைக்க உட்கார்ந்தோம். அவர் "ஒண்ணு" சொல்லவில்லை, நான் "சரி" சொல்லவில்லை. நீட்டினேன், தைத்தார். காய்ந்ததை அவர் எடுத்து அடுக்கியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் எடுத்திருப்பேன் என்று அவர் நினைத்தார். கேட்டிருக்கலாம். விரதம்!

வியாழக்கிழமை வேதாசலம் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மறுநாள் வாசிப்பு ஆரம்பம். எண்ணலாமா என்று கேட்டேன், சிரித்தார். புத்தகத்தோடு சேர்த்து என் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பதினோரு வருஷத்தில் என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. "இனிமே பேசலாமா?" என்று தனகோட்டி அண்ணன் கேட்டார். சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே, வேறு வேலைக்காக அம்மிக்கல்லைத் தூக்கினேன். கீழே எட்டு ஏடு. நான் படித்துப் பார்த்தேன், அவருக்கும் படித்துக் காட்டினேன். பாண்டவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒற்றர்கள் தேடிக் களைத்துத் திரும்புகிறார்கள். பீஷ்மர் அடையாளம் சொல்கிறார்: தருமன் எந்த நாட்டில் இருக்கிறானோ அங்கே காலம் தவறாமல் மழை பெய்யும், போய்ப் பாருங்கள் என்கிறார். விராட பருவத்தை மழைக்கு வாசிப்பதே அந்த இடத்துக்காகத்தான்! இத்தனை ஏடு இருக்க, கல்லுக்கு அடியில் தங்கினது அந்த எட்டு. தனகோட்டி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி வருஷத்துல நம்மள சந்தேகப்படாம போனவன் அவன் ஒருத்தன்தான்டா. அவனுக்கா போய் இப்படிப் பண்ணோம்?"

வேண்டாத ஏடு

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பயம்! மூன்றாவது வருஷமாகக் காய்ந்து கிடக்கிற ஊருக்குப் போய், உங்கள் மழை என் அம்மிக்கல்லுக்கு அடியில் இருந்தது என்று சொன்னால் விடுவார்களா? "போவாத. பெஞ்சா ஒருத்தனும் கேக்க மாட்டான். பெய்யலன்னா நீ போயி நிக்கிறது நீயே விலங்கு கொண்டுபோயி மாட்டிக்கிற மாதிரி" என்று தனகோட்டி அண்ணன் தடுத்தார். மூன்று நாள் வானத்தைப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்து வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் ஏடு சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் வழக்கமாக வருகிற கோபம் வரவில்லை. கேட்கட்டும், நியாயம்தானே என்று தோன்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலாவது நாள் காலையில் எட்டு ஏட்டையும் மெழுகுத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாலாஜாபாத் வரைக்கும் வெயில். அதைத் தாண்டினதும் பஸ் கூரையில் படபடவென்று சத்தம். மழை! பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள், ஒரு கிழவர் அழுதேவிட்டார். மழையைப் பார்த்துக் குற்றவாளி மாதிரி முழித்தவன் நான் ஒருத்தன்தான். தென்னேரியில் இறங்கும்போது ஏரிக்கரை முழுக்க ஜனம். கோணிப்பையைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வேதாசலம் நடுவில் நின்றார். ஆளாளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். நான் மெழுகுத் துணியை எடுத்து நீட்டினேன். "அண்ணே, தப்பு நடந்துபோச்சு. பீஷ்மர் பேசுற பாரம் என் கடையிலேயே தங்கிடுச்சு" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என் தோளைப் பிடித்துக் கோயில் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"மெதுவா பேசுபா" என்றார். "எனக்குத் தெரியும். ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. ஒற்றன் வந்து நிக்கிறான், ஏட்டைத் திருப்புறேன், அதுக்குள்ள படையோட விராட ராஜா மாட்டைப் பிடிக்கக் கிளம்பிட்டானுங்க. நடுவுல பீஷ்மரைக் காணோம். எதிர்ல ஊரே ஒக்காந்துக்கினு இருக்குது. நிறுத்தினேன்னா, பாத்தியா இவன் வாயி அடைச்சுப்போச்சும்பாங்க. கண்ணை மூடிக்கினேன். பீஷ்மர் சொல்ற மாதிரி நானே சொன்னேன். தருமன் இருக்கிற ஊர்ல ஏரி எப்படி இருக்கும், மதகு எப்படி வழியும், எந்த வாய்க்கால்ல தண்ணி முதல்ல வரும், எல்லாம் நம்ம ஏரியை வச்சே சொன்னேன். ஒவ்வொருத்தன் நிலத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துடுச்சு. பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. நேத்து முடிச்சேன். இன்னிக்கு விடியறதுக்குள்ள புடிச்சுது பாரு!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதுவிட்டேன், மழையில் தெரிந்திருக்காது. "என் பேரைக் காப்பாத்திட்டீங்கண்ணே. புத்தகத்தைக் குடுங்க, இதைச் சேர்த்துத் தைச்சு நாளைக்கே கொண்டாந்து தரேன்" என்றேன். வேதாசலம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஓரடி பின்னால் போனார். மெழுகுத் துணிப் பொட்டலத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பழக்கமான பார்வை. அத்தனை வருஷமாக என்னைப் பார்த்த பார்வை.

"வேணாம்பா, நீயே வச்சுக்க. ரெண்டு வருஷம் இதைப் பாத்துப் பாத்துப் படிச்சேன், ஒரு சொட்டு இல்ல. இந்த வருஷம் இது இல்லாம படிச்சேன், ஏரி ரொம்புது. எனக்கு இந்த எட்டு ஏட்டு மேலதான் சந்தேகம்."

ஆகவே பங்காளிகளே, பதினோரு வருஷம் ஊரே சந்தேகப்பட்ட இந்தக் கை ஒரே ஒரு தடவை நிஜமாகவே தப்புப் பண்ணியபோது, மாட்டிக்கொண்டவர் பாவம் பீஷ்மர்தான்.